காஜா பெராங்கில் டாக்டரின் பங்கு

புதுச்சேரியில் ஒயின் கடையில் வேலை பார்ப்பவன் ஒரே ஒரு போத்தல் ஒயின் தேடி மலாக்கா வரை போனான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். சுங்க அதிகாரி சிரித்தார். பஸ்ஸில் என் அருகே கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நான் பேசியது புரியவில்லை.

மலாக்காவுக்கு ஆறு மைல் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. இன்ஜினில் தண்ணீர் வற்றிவிட்டதாம். ஓட்டுநர் இறங்கிப்போய் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு கொட்டகையில் கோப்பி குடித்தார். பயணிகளும் இறங்கிப்போய்க் கோப்பி குடித்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் இன்ஜினுக்குள் தலையை விட்டு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஓட்டுநர் ஒரு தகர டின்னில் தண்ணீரோடு வந்தார், பஸ் கிளம்பியது. அந்த நிதானம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மலாக்கா கடைவீதியில் கொடித் துணிக்குத் தனி அடுக்கே வைத்திருந்தார்கள். அந்த அடுக்குக்குப் பக்கத்தில்தான் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். காரைக்காலில் பிறந்து, இருபத்தைந்து வருடமாக இங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். போன வருடம் ஊருக்கு வந்தபோது எங்கள் கடைப்பக்கம் எட்டிப் பார்த்து, “எங்க மலாக்காவுலயும் ஒரு வீட்டுல ஒங்க பிரான்சு சரக்கு இருக்கு” என்று சொல்லிப் பெயரையும் சொன்னவர். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

“பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். இந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அது வெறும் விசாரிப்பு என்று நினைத்து, ஆயிற்று என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறும் மேலே சிவப்பாக ஒரு சம்பலும் வந்தன. நாலாவது வாயில் கண்ணீர் வந்துவிட்டது.

என்ன காரியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைக்க இது துப்பறியும் கதை அல்ல.

எங்கள் கடைக்குப் பிரான்சிலிருந்து வரும் ஒயின்களில் ஒன்று மட்டும் பணத்தை நீட்டினால் கிடைத்துவிடாது. தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மதுவிலக்கு ஜில்லாக்காரர்கள், வீண் ஆசை எதற்கு. தோட்டம் சிறியது, கேட்பவர்கள் அதிகம், ஆகவே அவர்கள் பங்கு பிரித்துத்தான் அனுப்புவார்கள். மழை கெடுத்த வருடத்து ஒயினையும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்ட கடைக்கு நல்ல வருடத்தில் பங்கு உண்டு. ஒரு வருடம் வேண்டாம் என்று சொன்னால் பட்டியலில் பெயர் அடிபட்டுவிடும். நாங்களும் எங்கள் வாடிக்கைக்காரர்களிடம் அதே முறையைத்தான் வைத்திருந்தோம்.

யுத்தம் முடிந்த வருடத்து ஒயின், அந்தத் தோட்டத்துக்காரர்களே முன்பின் பார்க்காத ஒயின் என்று பெயர் வாங்கியது. எங்களுக்கு வந்தது பன்னிரண்டு போத்தல். அதில் மூன்று டாக்டர் அருளப்பனுடைய பங்கு. வருடக்கணக்காக நல்லது கெட்டது பார்க்காமல் எங்களிடம் வாங்கியவர் அவர்.

முதலாளி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததால் பங்கு பிரித்தது நான். சைகோனுக்கு மாற்றலாகிப் போகவிருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி மூன்று மடங்கு விலை தருகிறேன் என்றார். டாக்டரின் மூன்று போத்தலையும் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டேன். பணம் பைசா குறையாமல் முதலாளிக்குப் போனது. எனக்குக் கிடைத்தது ஒரு சபாஷ். டாக்டர் வந்து கேட்டபோது, கப்பலில் உடைந்துவிட்டது என்றேன். “பிரிக்கும்போது கண்ணாடி யார் கையையும் கிழிக்கலையே?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்த வருடம் யாரும் சீண்டாத ஒரு புளித்த பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்.

வருகிற செப்டம்பரில் அவருக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம் நிறைகிறது. “அந்த வருஷத்து ஒயின் எங்கேயாவது ஒண்ணு கிடைச்சா சொல்லுப்பா, அவசரமில்லே” என்றார். அவசரமில்லை என்று சொன்னதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலாளி கண்ணாடிச் சாமான் வாங்க என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். மலாக்கா என் சொந்தச் செலவு, சொந்தக் காரியம்.

காதர் பாய் கிளம்புமுன் நிபந்தனை போட்டார்.

“பாருங்க தம்பி, காரைக்காலுக்கும் பாண்டிக்கும் உள்ள ஒறவுக்காக வழி காட்டுறேன். பேச்ச மாத்திச் சொல்றேன். ஆனா சரக்குக்கு வெல பேசறது நம்ம வாயால ஆவாது. போத்தலயும் தொட மாட்டேன். சரியா?”

“அப்போ விலையை யார் பேசுறது பாய்?”

“நீங்கதான். மலாயில எண்ணிக்கை சொல்லித் தர்றேன். துணி அளக்கறதுக்குன்னு வச்சுக்குங்க லா.”

இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கஜக்கோலை வைத்துக்கொண்டு நூறுவரை சொல்லிக்கொடுத்தார். எட்டு லாப்பான், எண்பது லாப்பான் புலு. பிறகு இருவரும் திரிஷா என்கிற மூன்று சக்கரச் சைக்கிளில் ஏறிக் காஜா பெராங்குக்குப் போனோம். மிதித்தவர் எங்கள் இருவரையும் விட ஒல்லி. மேடு வந்த இடத்தில் நானே இறங்கித் தள்ளினேன். காதர் பாய் இறங்கவில்லை.

வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே முருகன் படம், விபூதி மடல். வீட்டுக்காரம்மாள் நாகம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க்காரப் பெண்களைப் போலச் சட்டையும் கைலியும். “வணக்கம்மா, சௌக்கியமா?” என்றேன். சிரித்துக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார்.

“இவங்க மலாக்காச் செட்டி வம்சம். வந்து எத்தனையோ தலமொற ஆச்சு. சாமி நம்ம சாமி, பேரு நம்ம பேரு, தமிழு மட்டும் வராது” என்றார் காதர் பாய்.

முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு எங்கள் ஊரில் கறுப்பாக என்னைப் போலவே இருந்துகொண்டு வீட்டுக்குள் பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் பேசாத பெரிய மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டில் முருகனும் இல்லை. இனி இதில் நாகம்மா பேசியதாக வருவதெல்லாம் காதர் பாய் வாய் வழியாக வந்தது.

நாகம்மாவின் கணவர் பெருமாள் பிள்ளை இறந்து நாலு வருடம். வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் ஒயின் இறக்குமதி செய்த ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்களுக்கும் அதே தோட்டத்துப் பங்குதான், அதே சட்டம்தான். கெட்ட வருடத்துப் போத்தல்களைத் துரைமார்கள் திருப்பி அனுப்புவார்கள். கம்பெனியின் பெயர் அடிபட்டுவிடக் கூடாதே என்று பெருமாள் பிள்ளை அவற்றைத் தன் சம்பளத்தில் வாங்கி வீட்டுக்குத் தூக்கிவருவாராம். யுத்தம் முடிந்த வருடத்து ஒயின் வந்து இறங்கியதும், இவர் இல்லாவிட்டால் நமக்கு இது ஏது என்று மேனேஜரே மூன்று போத்தலை அதே விலைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

 முகம் தெரியாத அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

எட்டுப் போத்தல் மிச்சம் என்றார் நாகம்மா. மூன்று நல்லது, ஐந்து மற்றது. குளிக்கிற இடத்தில் கிணற்றை ஒட்டி ஒரு பெரிய மண் ஜாடி. அதில் ஈர மணலை நிரப்பி உள்ளே புதைத்திருந்தார். மலாக்கா வெயிலுக்கு அதைவிட நல்ல நிலவறை என்னாலும் யோசித்திருக்க முடியாது. மெச்சிக்கொண்டேன். ஒரு போத்தலை உருவி, கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பளபளவென்று இருந்தது. லேபிள் இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. “எல்லாமே இப்படித்தானா?” என்றேன். எல்லாமே அப்படித்தான். இவர்கள் வீட்டில் வருடத்தில் இரண்டு முறை மூதாதைகளுக்குப் படையல். பர்ச்சு என்கிறார்கள். தை மாதத்துக்கு முன்னால் ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. பழக் காலத்துப் படையலில் பெருமாள் பிள்ளைக்கு ஒரு போத்தல் ஒயின் உண்டு. படையலுக்கு வரும் எந்தப் பாத்திரமும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். ஈர மணலில் லேபிளெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டிருந்தது. போத்தலில் அழுக்கு இருக்கிறதே என்று நாகம்மா போன வருடப் படையல் முடிந்ததும் மிச்சமிருந்த எட்டையும் சேர்த்து ஒட்டத் தேய்த்துவிட்டார்.

“போன வாரம் சிங்கப்பூருலேருந்து ஒரு தரகர் வந்தாராம். பெரிய ஓட்டலுகளுக்கு வாங்கறவராம். பாக்காமயே ஒண்ணுக்கு இம்புட்டு தர்றேன்னு சொன்னாராம்” என்று காதர் பாய் நிறுத்திக்கொண்டார். நாகம்மா என்னைப் பார்த்து, “லாப்பான் புலு” என்றார். எண்பது வெள்ளி; மலாயா டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். “போத்தலப் பாத்ததும் சிரிச்சிட்டுப் போயிட்டாராம். உள்ள இருக்கறது அதேதானே, அழுக்கத்தானே எடுத்தேன், அதுக்கு ஏன் சிரிக்கணும்னு கேக்குது.”

 இருபது வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விலையெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

கழுத்தில் இருக்கும் ஈயத் தொப்பியைக் கிழித்தால் தக்கையில் வருடம் தெரியலாம் என்றேன். நாகம்மா போத்தலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தொப்பி கிழிந்தது எச்சில் பட்டதற்குச் சமம், அதைப் படைக்க முடியாது. நாளை மறுநாள் படையல், வந்து சாப்பிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் எனக்குப் பொழுது போகாது என்று காதர் பாய் என்னைக் குருபோங் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் நடந்த ஏலத்துக்கு அழைத்துப் போனார். துரை ஊரோடு போகிறார். சினேகிதரின் லாரியில் போனோம். வழியில் டயர் பஞ்சராகிவிட்டது, மாற்று டயரில் காற்று இல்லை. வண்டிக்காரர் ஒரு சைக்கிள் பம்பால் அந்த லாரி டயருக்குக் காற்றடித்தார். ஆளுக்கு நூறு அடி என்று முறை வைத்தோம். என் முறை எழுபதோடு முடிந்துபோயிற்று.

பங்களாப் புல்வெளியில் கட்டில், பியானோ, மீன் முள்ளுக்கரண்டி, புலித்தலை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோதும் இதே சாமான்கள்தான் தெருவுக்கு வந்தன. புலித்தலைக்குப் பதில் கன்னிமேரி. தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் பியானோவை வாங்கிவிட்டு அதில் யார் உட்காருவது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேஜை விளக்கு ஒன்று ஏலத்துக்கு வந்தது. காலி ஒயின் போத்தலின் வாயில் விளக்கைச் செருகியிருந்தார்கள். லேபிள் அப்படியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே தோட்டம், யுத்தம் முடிந்த அதே வருடம். துரை குடித்துவிட்டு விளக்காக்கியிருக்கிறார். ஏலம் ஒரு வெள்ளியில் ஆரம்பித்தது. நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் பன்னிரண்டு வெள்ளிக்கு எடுத்து, விளக்கைப் பிடுங்கிப் புல்லில் போட்டுவிட்டுப் போத்தலை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டார்.

“அவருதான் சிங்கப்பூர் தரகரு” என்றார் காதர் பாய். “காலிப் போத்தல் எதுக்கு அவருக்கு?”

“சும்மா, அழகுக்கு” என்றேன். எதற்கு என்று தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா? அந்த லேபிளுக்குப் பின்னால் எந்த ஓட்டலில் எந்தப் புளித்தண்ணீர் ஊற்றப்படும் என்பதுதான் எனக்குத் தெரியாது. ஒயின் இல்லாத காகிதத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி, காகிதம் இல்லாத ஒயினுக்குச் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் என்னைவிட ரொம்பக் கெட்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு லாபம் கிடைத்தது. துண்டில் சுற்றுமுன் அந்தப் போத்தலை வெயிலில் பார்த்தேன். வழக்கமான கரும்பச்சை இல்லை, வெளுத்துப்போன நீலப் பச்சை. யுத்தத்தால் கண்ணாடிக்குப் பஞ்சம் வந்து கிடைத்ததை ஊதிய காலம் அது. எங்கள் கடைக்கு வந்தவையும் அப்படித்தான் இருந்தன என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. லேபிள் வேண்டாம், தக்கை வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும்.

படையலன்று மத்தியானம் போனோம். காதர் பாய் உள்ளே வரவில்லை. முற்றத்து ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “டுரியான் பழமும் ஒயினும் ஒண்ணா உள்ள போனா ஆளு காலி லா, இந்த ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும்” என்று எச்சரித்தார்.

அறைக்குள் வரிசையாக வாழையிலை. ஒவ்வொரு இலைக்கும் ஒரு பெயர். நாகம்மா பெயரைச் சத்தமாகச் சொல்லி அவரவருக்குப் பிடித்ததை வைத்தார். ஓர் இலையில் மிளகும் புளியும் போட்டுக் கொதித்த முள்ளுவாளைக் குழம்பு, இன்னொன்றில் அவித்த முட்டை, மற்றொன்றில் சுருட்டு. எல்லா இலையிலும் மங்குஸ்தான், ரம்புத்தான், தெருவே நாறும்படி பிளந்து வைத்த டுரியான். நான் மூக்கால் பிழைப்பவன். அந்த அறையில் என் மூக்கு முதல் நிமிடத்திலேயே செத்துவிட்டது.

போத்தலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அவர் பேச்சைக் காதர் பாய் ஜன்னலுக்கு வெளியிலிருந்து மாற்றிச் சொன்னார். வழக்கமாக நாகம்மா தக்கையை அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளிவிடுவாராம். தக்கை எடுக்கும் திருகாணியோடு ஆள் வந்திருப்பதால் இந்த வருடம் நானே திறக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளுத்த நீலப் பச்சை.

இது வேண்டாம், இது மட்டமானது, வேறு எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சைகையிலேயே சொல்லிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பெருமாள் பிள்ளையின் இலை காலியாகக் காத்துக்கொண்டிருந்தது. திருகாணியை இறக்கினேன். தக்கை முழுசாக வந்தது, வருடம் தெளிவாக இருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி அவர் இலை முன்னால் வைத்தேன்.

எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அந்தப் புழுக்கத்தில், டுரியானுக்குப் பக்கத்தில், உலகத்திலேயே சில நூறு பேருக்கு மட்டும் கிடைத்த ஒயின் திறந்து கிடந்தது. வெளியே நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நாகம்மா நிதானமாக வெற்றிலை போட்டார். பிறகு, வருகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய மூன்று முறை கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம்.

படைத்ததை வந்தவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெருமாள் பிள்ளையின் குவளை எனக்கு வந்தது. நுகர்ந்தேன், டுரியான். உறிஞ்சினேன், மிளகுக் குழம்பு எரித்த நாக்கில் ஏதோ குளிர்ச்சியாக இறங்கியது. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ருசி சொன்னவன், வாழ்நாளின் ஒரே மகா ஒயினைக் குருடனைப் போலக் குடித்து முடித்தேன். நல்லாயிருக்கிறதா என்று நாகம்மா ஜாடையில் கேட்டார். தெரியவில்லை என்று கையை விரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மீதி ஏழையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். வெயில் நன்றாக அடித்தது. இடதுகோடியில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டும் நீலமாகப் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு மட்டும்தான் தெரிந்தன.

“எத வேணுன்னாலும் எடுத்துக்கச் சொல்லுது. எல்லாம் ஒரே வெலதானாம். அவரு வாங்குன வெல” என்றார் காதர் பாய், வேலியைப் பார்த்துக்கொண்டு.

“லாப்பான்” என்றார் நாகம்மா. எட்டு வெள்ளி.

பதினாறு வெள்ளிக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். பங்கு பிரிக்கும் வேலை மறுபடியும் என் கையில் வந்து விழுந்திருந்தது. அன்றைக்குக் கடையில் இருந்த அதே நிலைதான், கேட்க ஆளில்லை.  இரண்டு போத்தலையும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக, அவர் பக்கமாக வைத்தேன்.

“பாய், இந்த ரெண்டும்தான் அந்த வருஷம்னு சொல்லுங்க. இந்தத் தக்கையைக் காட்டி, கண்ணாடி நிறத்தையும் காட்டினா அந்தத் தரகரே திரும்பி வருவார்னு சொல்லுங்க.” பிறகு நாகம்மாவைப் பார்த்து, “லாப்பான் புலு” என்றேன். தக்கையை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தக்கையை உருட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: இவ்வளவு தூரம் வந்தது யாருக்காக?

ஒரு டாக்டர், வயதானவர், நல்ல வருடம் கெட்ட வருடம் பார்க்காமல் வாங்குகிறவர், செப்டம்பரில் அவருக்கு ஐம்பதாவது கல்யாண நாள் என்றேன்.

“அப்ப அவருக்கு ஒங்க கடையிலயே பங்கு வந்திருக்கணுமே, அது எங்க போச்சுன்னு கேக்குது” என்றார் காதர் பாய்.

பெருமாள் பிள்ளையின் மனைவிக்குப் பங்குச் சட்டம் தெரியாமல் இருக்குமா? இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.  எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி, மூன்று மடங்கு விலை, கப்பலில் உடைந்த கதை, கையைக் கிழித்ததா என்று டாக்டர் கேட்டது. காதர் பாய் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாக, ஒன்றையும் விடாமல் மலாயில் சொன்னார். விலையை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் விரலில் காட்டினேன்.

நாகம்மா திட்டவில்லை. வெகு நேரம் பேசினார்.

“ஒண்ணு அடுத்த வருசம் எம் புருசனுக்கு. அத யாருக்கும் விக்க மாட்டேன். இன்னொண்ணு டாக்டருக்கு. எண்பது குடுக்கறவருக்கு இது யாரு பங்குன்னு தெரியாது, அதனால அவருக்கு இல்ல. நல்லத எடுக்கறவரு மட்டத்துல ஒண்ணும் எடுத்துக்கணும், அதுதான் எங்க வீட்டுக்காரரு கடைப்பிடிச்சது. அப்புறம் ஒண்ணு.” காதர் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பங்குன்னா பேரச் சொல்லித்தான் வைக்கணுமாம். பொய்யச் சொல்லி வச்சா போய்ச் சேராதாம். எம் புருசன் பங்குலேருந்து எடுத்துக் குடுக்கறேன், ஒடஞ்சது ஒண்ணு இப்பக் கெடச்சிருச்சுன்னு அவருகிட்ட சொல்லாதீங்க. ஒங்க பங்க எடுத்து வித்தது நாந்தான்னு சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா ரெண்டையும் இங்கயே வச்சிட்டுப் போங்கன்னு சொல்லுது.”

சொல்கிறேன் என்றேன். பதினாறு வெள்ளியைக் கொடுத்தேன். காதர் பாய் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாகம்மா இரண்டு போத்தலையும் பழைய கைலித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, நடுவே வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். உங்கள் டாக்டர் வீட்டம்மாவையும் குடிக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கடைவாசலில் உட்கார்ந்து யோசித்தேன். என்னை எனக்குத் தெரியும். கப்பலில் ஒன்பது நாள் இருக்கிறது. முதல் நாள் சொல்லிவிடலாம் என்றிருக்கும். நாலாம் நாள், பாவம், சந்தோஷமான நேரத்தில் எதற்கு என்று தோன்றும். எட்டாம் நாள் அழகாக ஒரு கதை தயாராகிவிடும். சிங்கப்பூரில் தற்செயலாகக் கிடைத்தது டாக்டர்!

மறுநாள் காலை தபாலாபீசில் ஓர் ஏர் லெட்டர் வாங்கினேன். காதர் பாயின் கடைத் திண்டில் கொடித் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினேன். ‘கப்பலில் எதுவும் உடையவில்லை’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அதிகம் தேவைப்படவில்லை. அதிகாரிக்கு விற்றதையும் வாங்கிய விலையையும் எழுதினேன். மலாக்காவில் நாகம்மா என்பவர் தன் கணவர் பெருமாள் பிள்ளையின் பங்கிலிருந்து ஒன்று கொடுத்திருக்கிறார், கொண்டுவருகிறேன், வாங்கிக்கொள்வதும் கடைப்பக்கமே வராமல் இருப்பதும் உங்கள் இஷ்டம் என்று முடித்தேன். ஒட்டித் தெருமுனைப் பெட்டியில் போட்டேன்.

விமானத் தபால் நாலைந்து நாளில் போய்விடும். நான் போய் இறங்கும்போது டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.  அந்தப் பெட்டியை விட்டுக் கால் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தபால்காரர் சைக்கிளில் வந்தார். பூட்டைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் வாரினார். என் நீலக் கடிதம் மேலாகவே கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

அவர் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்டிருப்பார்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பையைக் கட்டிக்கொண்டு போனார்.